எனக்கு வராத விக்கல்

என் வயதுக்காரிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டிருக்கும் மூச்சை "தப்பு" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? என்னிடம் சொன்னார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் ஒரு சின்ன மணல் பையையும் வைத்துச் சொன்னார்கள்.

போன மழையில் எனக்கும் என் தங்கைக்கும் சேர்ந்தாற்போல நெஞ்சுச் சளி கட்டியது. சளி போயும் இரைப்பு போகவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் அறைக்கு எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். நான் ராயபுரத்திலிருந்து போவேன். அவள் திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும்.

"பாட்டி, நெஞ்சத் தூக்காதீங்க. வயிறு மேல வரணும். பை ஏறி எறங்கணும்."

"வயித்த உள்ள இஸ்துகினு நடன்னு சொல்லித்தாம்மா எங்க அம்மா வளத்தாங்க. நீ வெளிய தள்ளுன்ற. இப்ப நான் யார் பேச்சக் கேக்கறது?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என் விலா எலும்புக்குக் கீழே விரலால் ஒரு வளைவு போட்டுக் காட்டினாள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை விரித்த மாதிரி ஒரு சதை இருக்கிறதாம். உதரவிதானம் என்று பெயராம். அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும், மேலே ஏறினால் வெளியே போகும். வயிறு எழும்புவது காற்றால் அல்ல. அந்தக் குடை இறங்கும்போது குடலுக்கு இடம் போதாமல் வெளியே தள்ளுகிறதாம். நாம் தூங்கினாலும் அது தூங்காது என்றாள்.

"எங்க மாமியார் மாதிரி" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டிலில் என் தங்கையின் பை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காசிமேட்டில் கட்டிப்போட்ட படகு அலைக்கு ஏறி இறங்குமே, அப்படி. அவசரமே இல்லை.

"சூப்பர் பாட்டி" என்று அந்தப் பெண் அவளிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அவங்களப் பாத்து அப்படியே செய்யுங்க."

தங்கச்சியைப் பார்த்துச் செய் என்ற இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு என் காதில் காய்ப்புக் காய்த்துவிட்டது. என் பை அசையாமல் கிடந்தது. உள்ளே எரிந்ததற்குக் கொஞ்சம் புகையாவது வந்திருக்கலாம்.

பேச்சை மாற்றுவதற்காக ஒன்று கேட்டேன். "ஏம்மா, விக்கல் எங்கேர்ந்து வருது?"

"அதுவும் அதே சதையிலதான் பாட்டி. சில சமயம் அது திடீர்னு வெட்டி இழுக்கும். காத்து உள்ள வரதுக்குள்ள தொண்ட மூடிக்கும். அந்தச் சத்தந்தான் விக்கல்."

"யாராவது நெனச்சா வராதா?"

"யாரு நெனச்சா?"

அடுத்த கட்டிலில் என் தங்கை சிரித்த சிரிப்பில் மணல் பை உருண்டு தரையில் விழுந்தது.

அந்தச் சிரிப்பு அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. உங்களுக்காவது சொல்கிறேன்.

அப்போது எங்கள் வீடு ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சரக்கு வண்டிப் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தத்தில்தான் கண் விழிப்போம். கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் கரித்தூளோடுதான் எடுக்க வேண்டும். காற்று திரும்பினால் கருவாடு வாசனை, திரும்பாவிட்டால் எண்ணெய் வாசனை. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஏழு. எங்கள் அப்பாவை நைனா என்போம். அவருக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. ஈஸ்டர் முடிந்து கிளம்பினாரென்றால் மழைக்குத்தான் வருவார். சில வருஷம் மழையும் போய்விடும்.

அந்த வருஷம் அவர் கிளம்பியது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை என் தலையில் வைத்தார். "பெரியவளே, வூட்டப் பாத்துக்க" என்றார். பிறகு குனிந்து தங்கையின் கன்னத்தைக் கிள்ளினார். கிள்ளிய விரலை உதட்டில் வைத்து முத்தம் கொடுத்துக்கொண்டார். எனக்கு வேலை, அவளுக்கு முத்தம். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டது.

அவருடைய எனாமல் குவளையை வீட்டிலேயே விட்டுப் போனார். வெள்ளைக் குவளை, விளிம்பில் நீலக் கோடு. அதை அம்மா மாதா படத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்.

அவர் போன கொஞ்ச நாளில், மத்தியானம் சோறு சாப்பிடும்போது தங்கைக்கு விக்கல் வந்தது. அவள் சாப்பிடுகிற வேகத்துக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெல்ல மாட்டாள், அப்படியே இறக்குவாள். அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"உங்க நைனா நெனிக்கிறாரு" என்றார்.

உங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் இருந்திருக்கும். விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள். யார் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்க்க வேண்டும். சரியான பெயரைச் சொன்னதும் நின்றுவிடும். எங்கள் வீட்டில் இதில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மா நைனாவின் பெயரைச் சொல்ல மாட்டார். ரேஷன் கடையில் கேட்டால்கூட என் முதுகில் கிள்ளுவார், நான் சொல்ல வேண்டும். மாதா கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுக்கும்போதும் அப்படித்தான். தங்கைக்கோ வாயெல்லாம் விக்கல். மிச்சம் நான்தான்.

"சொல்லுடி, உங்க நைனா பேர. புள்ள கஷ்டப்படுது பாரு."

சொன்னேன். என் நேரம், விக்கல் நின்றது.

அம்மா எழுந்துபோய் மாதா படத்தின் முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார். தங்கை என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். கடலில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும் நைனா அவளை நினைப்பாராம். அதற்கு நான் அவர் பெயரைச் சொல்லி ரசீது போட வேண்டுமாம். இந்த அநியாயத்தை எந்தக் கோர்ட்டில் சொல்வது? (அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அம்மா வாயில் வராததை நான் எதற்கு அச்சில் போட வேண்டும்?)

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று வர ஆரம்பித்தது. எல்லாம் அவளுக்கு. எனக்கு ஒன்றுகூட இல்லை.

முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். பொட்டுக்கடலை மாவைத் தண்ணீர் இல்லாமல் வாய் நிறையப் போட்டு விழுங்கினேன். இருமல் வந்தது, மூக்கு வழியாக மாவு வந்தது, விக்கல் வரவில்லை. மாமா வந்தபோது வாங்கிக் கொடுத்த கோலி சோடாவை ஒரே மடக்கில் குடித்தேன். ஏப்பம் வந்தது, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"அம்மா, ஏப்பம் வந்தா யாரு நெனிக்கிறாங்க?"

"சோடாக் கடக்காரரு" என்றார் அம்மா.

வெயில் காலத்து மத்தியானங்களில் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத்திலேயே படுப்போம். தங்கை படுத்ததும் தூங்கிவிடுவாள். நான் அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பாவாடை நாடாவுக்கு மேலே அது பொம்மென்று எழும்பும், பிறகு அடங்கும். என் வயிற்றைப் பார்ப்பேன். பலகை மாதிரி கிடக்கும், நெஞ்சு மட்டும் மேலும் கீழும் போகும். சரிதான், நைனாவின் நினைப்பு அவள் வயிற்றுக்குள் குடியிருக்கிறது, அதுதான் உள்ளே புரண்டு புரண்டு படுக்கிறது என்று முடிவு கட்டினேன். அந்த வயதுக்கு அது நல்ல விஞ்ஞானம்தான்.

ஒருநாள் குழாயடிக்குப் பக்கத்தில், தண்ணீர் பீப்பாய்க்குப் பின்னால் அவளைப் பிடித்தேன். ஒரு காய்ந்த மிளகாயைக் கடித்தாள். பிறகு கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து காற்றைக் கவ்விக் கவ்வி விழுங்கினாள். கண்ணில் தண்ணீர். இரண்டாவது மிளகாய் முடிவதற்குள் விக்கல் வந்துவிட்டது. வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடப் போனாள், அம்மாவிடம் காட்ட.

நான் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். "அடிப்பாவி. இத்தினி நாளா டபாய்ச்சிகினு இருந்தியா?"

"மொதல்ல வந்ததெல்லாம் மெய்தான். அப்பால வரல. அதான்."

"இன்னாத்துக்குடி?"

"உன்கிட்டதான வூட்டப் பாத்துக்கன்னு சொன்னாரு. என்கிட்ட இன்னா சொன்னாரு? ஒன்னுமே சொல்லல. சொம்மா கிள்ளிட்டுப் போனாரு." சொல்லும்போதே ஒரு விக்கல். "அவருக்கு நீதான் பெரிசு."

அந்தக் கிள்ளலை நினைத்து நான் வெந்துகொண்டிருக்க, அந்த வார்த்தையை நினைத்து அவள் வெந்துகொண்டிருந்திருக்கிறாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு வந்தது வேறு. இந்த மிளகாய் யோசனை எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்ற ஆத்திரம்.

அன்றைக்கு வந்த விக்கல் நிற்கவில்லை.

பொய்யாக அழைத்த விருந்தாளி மெய்யாக வந்து உட்கார்ந்துகொண்ட கதைதான். சாயங்காலம் ஆகியும் விக்கினாள். மறுநாள் விக்கலோடு எழுந்தாள். சர்க்கரை கொடுத்தார்கள், மூக்கைப் பொத்தினார்கள், குனிந்தபடி தண்ணீர் குடிக்கவைத்தார்கள். "கோயில் உண்டியல்ல கை வெச்சியாமே?" என்று எதிர்வீட்டு அத்தை திடுக்கிடவைத்துப் பார்த்தார். அதிர்ச்சியில் அவள் அழுதாள், அழுகைக்கு நடுவிலும் விக்கினாள். என் வேலை நைனாவின் பெயரைச் சொல்வது. காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. சந்தில் உப்பு விற்றுக்கொண்டு போகிறவருக்கும் அதே பெயர். இரண்டு முறை வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, "யாரும்மா என்னக் கூப்டது?" என்று வாசலில் நின்றார். மூன்றாவது முறை வந்தபோது அவருக்கே பயம் வந்துவிட்டது. "பாப்பாவுக்கு நான் ஒன்னும் பண்ணலம்மா" என்று சொல்லிவிட்டு வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

மாமன்கள், சித்திகள், ஞானஸ்நானத்தில் ஏந்தி நின்ற ஞானத்தாய், புளியந்தோப்பில் இருக்கும் பெரியப்பா என்று தெரிந்த பெயரெல்லாம் சொல்லியாயிற்று. ஒன்றுக்கும் நிற்கவில்லை.

எதிர்வீட்டு அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவிடம் சொன்னார். "பேரு சொல்லியும் நிக்கலன்னா, நெனிக்கிறவங்க தரையில இல்லன்னு அர்த்தம்."

"நைனா தரையில இல்லதான. கப்பல்லதான கீறாரு" என்றேன் நான்.

"நான் அதச் சொல்லலடி" என்றார் அத்தை. அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அம்மா சண்டை போட்டிருப்பார். சொல்லாமல் விட்டதுதான் உள்ளே போய்விட்டது.

அம்மா தலையில் இருந்த மல்லிகையை எடுத்து மாதா படத்தின்மேல் போட்டார். புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்கு நடந்தே போய் வந்தார். "ஒரு சேதியும் இல்லன்றாங்க" என்று வந்து உட்கார்ந்தார். சேதி இல்லையென்றால் கப்பல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பு மூட்டவில்லை. சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் குந்தினார்கள். நடுவில் பாயில் தங்கை. அவளுடைய விக்கல் ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.

எனக்குத் தாங்கவில்லை. நைனா கடலில் போய்விட்டார் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். அது அப்படியில்லை என்று, பாயில் கிடந்தவளை விட்டால், அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அம்மா, நைனாவுக்கு ஒன்னும் ஆவல. இவதான் மொளகா துன்னு, காத்த முய்ங்கி விக்கல வரவெச்சா. நான் பாத்தேன்."

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் மிரண்டுபோய்த் தலையை ஆட்டினாள், இல்லையென்று. கன்னமெல்லாம் வற்றி, கண் செருகிக் கிடந்தவளைப் பார்த்தால் யார்தான் அவளைச் சந்தேகப்படுவார்கள்?

கன்னத்தில் ஒன்று விழுந்தது. எனக்கு.

"நைனா உன்ன நெனிக்கலன்னு வயிறு எரியுதாடி ஒனக்கு? அது சாவக் கெடக்குது, இப்பக்கூடவா பொறாம?"

"சின்னதுலேர்ந்தே இதுக்கு அந்தக் கொணம் உண்டு" என்றார் எதிர்வீட்டு அத்தை. சுவரோரம் தலைகள் ஆடின.

எனக்குப் பொறாமை இருந்தது மெய்தான். நான் சொன்னதும் மெய்தான். இரண்டு மெய் ஒரே வாயில் இருக்கக்கூடாதா? பெரியவர்களுக்கு அந்தக் கணக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் பக்கத்து மருந்தகத்துக்குப் போனார். நைனாவின் குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அங்கே ஒரு வயதான கன்னியாஸ்திரி மருந்து கொடுப்பார். எல்லோரும் அவரை மதர் என்று கூப்பிடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பேச்சில் ஊரின் காரம் போகவே இல்லை. அம்மா அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டார். கப்பல், நினைப்பு, பெயர், தரையில் இல்லாதவர், எல்லாம்.

"கப்பலுக்கும் இவ வயித்துக்கும் ஒரு கயிறும் கெடையாதும்மா" என்றார் மதர். தங்கையைப் பெஞ்சில் படுக்கவைத்து, விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். "இங்கன ஒரு சதை இருக்கு. அதுதான் மூச்ச இழுத்து விடுது. அது கெடந்து வெட்டுது. ஏட்டி, என்ன செஞ்ச நீ?"

மதரிடம் பொய் சொன்னால் நரகம் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். "காத்த... முய்ங்கினேன்" என்றாள். விக்கலோடு விக்கலாக மிளகாயும் வெளியே வந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினார். நான் கூரையில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதர் என் கையில் இருந்த குவளையை வாங்கினார். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தங்கையின் வயிற்றில் நிறுத்தி வைத்தார். "இத வயித்தாலயே தூக்கணும். கை படக்கூடாது. மெதுவா தூக்கு. எறக்கும்போது அதவிட மெதுவா எறக்கு."

முதலில் குவளை ஏறுவதற்குள் ஒரு விக்கல் வந்து அதைத் தூக்கி எறிந்தது. தரையில் விழுந்து ஓரத்தில் எனாமல் பெயர்ந்தது. எடுத்து வைத்தார்கள். மறுபடி விழுந்தது. நான்தான் ஓடி ஓடிப் பொறுக்கினேன். நைனாவின் குவளை அவள் வயிற்றில் சவாரி போகிறது, விழுந்தால் எடுத்துக் கொடுக்க நான் வேலைக்காரி. பிறகு மெல்ல மெல்ல, விழாமல் ஆட ஆரம்பித்தது. ஏறும், கொஞ்சம் நிற்கும், இறங்கும். அம்மாவும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியாது. எப்போது கடைசி விக்கல் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மதர் வேறு யாருக்கோ கட்டுப் போடப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் அம்மா பேக்கரி வாசலில் நின்று ஒரு பன் வாங்கி என் கையில் கொடுத்தார். எனக்கு மட்டும். அடித்த கன்னத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

எதிர்வீட்டு அத்தையிடம் விக்கல் நின்ற சேதியைச் சொன்னோம். அவர் அசரவில்லை. "நெனச்சவரு இப்ப தூங்கப் போயிருப்பாரு" என்றார்.

வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நானும் படுத்து, அந்தக் குவளையை என் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. நைனாவும் நினைக்கவில்லை, குவளையும் மதிக்கவில்லை என்று கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அடுப்பு மறுபடி எரிந்தது. ஆனால் அம்மா பூ வைத்துக்கொள்ளவில்லை. உள்ளே வந்த பயம் மதர் சொன்னதற்காகப் போய்விடுமா? கப்பல்கள் ஊதும் சத்தம் கேட்டால் கை வேலையை நிறுத்திவிடுவார். அந்த வருஷம் மழைக்காலம் வரும்வரை அப்படித்தான் இருந்தார்.

நல்ல மழையில் ஒரு சாயங்காலம் வாசலில் தகரப் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது. நனைந்து, கறுத்து, வேறு நாட்டு சோப்பு வாசனையோடு நைனா நின்றார். அம்மா துண்டைக் கொடுத்தார். துடைக்கத் துடைக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கணக்குச் சரியாக இருக்கிறதா என்பது போல.

தங்கை ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். வெட்கமில்லாதவள், இவ்வளவுக்குப் பிறகும் கேட்டாள். "நைனா, நீ என்னத் தெனம் நெனச்ச இல்ல? எனக்கு விக்கல் வந்துகினே இருந்திச்சி."

நைனா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நான்தாம்மா காத்துகினு கெடந்தேன்" என்றார். "எனக்கு ஒரு விக்கல் வரல. எங்கூட அடுப்பாண்ட வேல செய்ற கொச்சிக்காரன் ஒருத்தன். தெனம் விக்குவான். 'என் பொண்டாட்டி நெனிக்கிறா'ன்னு பல்லக் காட்டுவான். எனக்குப் பத்திகினு வரும். நம்ம வூட்ல நம்மள நெனிக்க ஒரு நாதி இல்லையான்னு..." மீதியை விட்டுவிட்டார்.

இந்தப் பக்கம் அடுப்பு மூட்டாமல், பூ வைக்காமல் ஒருத்தி. சந்தே கேட்கப் பெயரைக் கத்தித் தொண்டை கட்டிய நான். மிளகாய் தின்று செத்துப் பிழைத்த இவள். இத்தனை பேர் நினைத்தும் அந்த மனிதருக்கு ஒரு விக்கல்கூடப் போய்ச் சேரவில்லை.

"பேரச் சொல்லாம நெனச்சா எங்க வந்து சேரும்?" என்றார் அம்மா, சுவரைப் பார்த்து. "வெலாசம் இல்லாத தபாலு." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மீன் கழுவப் போய்விட்டார்.

நைனா என்னைப் பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொண்டவள் நிற்க வேண்டிய இடம் அதுதானே.

"ஒனக்கு, பெரியவளே? ஒனக்கும் விக்கல் வந்திச்சா?"

"இல்ல நைனா. எனக்கு ஒன்னுமே வரல." எவ்வளவோ அடக்கியும் குரல் உடைந்துவிட்டது.

"எனக்கும் வரல" என்றார். கையை நீட்டினார். "வா. அப்ப நீயும் நானும் ஒரே கட்சி."

போனேன். அந்த மடியில் இன்னொரு தொடை இருந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டு தங்கையின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அடேயப்பா. அந்த வருஷம் முழுக்க நான் தின்ற மாவுக்கும், குடித்த சோடாவுக்கும், வாங்கிய அறைக்கும் அந்த ஒரு முகம் போதும். அவள் உடனே வாயைத் திறந்து காற்றை விழுங்கப் பார்த்தாள். "வேணாம்டி" என்றார் அம்மா உள்ளேயிருந்தே.

அடுத்த முறை நைனா கிளம்பியபோது அம்மா வாசல்வரை வந்தார். பெட்டியைத் தூக்கி அவர் தோளில் வைத்தார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். மெதுவாக, ஒரே ஒருமுறை. நைனாவின் காலே தடுமாறியது. எதிர்வீட்டு அத்தை அதைக் கேட்காத மாதிரி கதவைச் சாத்திக்கொண்டார். அவரும் அவ்வளவு கெட்டவர் இல்லை. அந்தப் பயணத்தில் நைனாவுக்கு விக்கல் வந்ததா என்று நான் கேட்டதில்லை. அது அவர்கள் இரண்டு பேர் சமாச்சாரம்.

குவளை போய்விட்டது. சந்து வீட்டை விட்டுக் குடியிருப்பு மாடிக்குப் போன சமயம், ஓட்டை உடைசலோடு பழைய இரும்புக்காரரிடம் யாரோ போட்டுவிட்டார்கள். அது எங்கே போயிற்று என்று இன்றுவரை நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறோம்.

நேற்றும் பயிற்சிக்குப் போனோம். மணல் பை. என் வயிறு பலகை. பக்கத்தில் படகு ஏறி இறங்குகிறது. அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"பாட்டி, இன்னும் உங்களுக்கு வரலியே. தங்கச்சி பாட்டிக்கு மட்டும் எப்டி வருது?"

"அவளுக்கு எல்லாம் வரும்மா" என்றேன். "விக்கல் வரும், மூச்சு வரும். நைனா குவளையவே வயித்துல வெச்சிகினு பொறந்தவ."

தங்கை கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். பை ஏறி, நின்று, இறங்கியது. பிறகு சொன்னாள். "இன்னா கீது அதுல? குவளதான கெடச்சுது எனக்கு. ஒரே கட்சின்னு ஒன்னத்தான சொன்னாரு. அறுவது வருஷம் ஆவுது. இன்னிக்கும் எனக்கு அது ஆறலக்கா."

நான் திரும்பிப் பார்த்தேன். பல் போன வாயை ஏழு வயதில் பிதுக்கிய அதே மாதிரி பிதுக்கிக்கொண்டு கிடந்தாள்.

எனக்கு வந்தது பாருங்கள் சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து வந்தது. அடக்க அடக்கக் குலுக்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கட்டில் ஆடியது.

"அதான் பாட்டி" என்றாள் அந்தப் பெண், என் பையைக் காட்டி. "அப்படித்தான். பாருங்க, ஏறுது."